முப்பது சென்டிமீட்டருக்கு வெளியே

கவிநிலாவின் அழைப்பு வந்தபோது அருணாதேவி லாட்ஜ் அறையின் கண்ணாடி முன் நின்று புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு இந்த நிறம், சீமந்தத்துக்கு இந்த நிறம் என்று சொல்லித் தர ஆயிரம் பேர் உண்டு. விவாகரத்துக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது என்று யாரும் சொல்வதில்லை. மூன்று புடவைகளைக் கட்டிலில் பரப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆபீசுக்குக் கட்டுகிற சாம்பல் நிறப் பருத்தியையே எடுத்திருந்தாள்.

"அக்கா, லீவுல இருக்கீங்கன்னு தெரியும். சொல்லாம இருக்க முடியல."

கவிநிலா பெங்களூரில் அவளுடைய பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிற பெண். வந்தவாசிக்காரி. ஆபீசில் மற்றவர்களிடம் ஆங்கிலம், இவளிடம் மட்டும் ஊர்ப்பேச்சு.

"சொல்லு."

"பழைய டேட்டாவ புது மாடல்ல ஓட்டச் சொன்னீங்க இல்ல? நான் அந்த ஜவ்வாது மலை ஸ்டேஷனோடதையும் சேத்து ஓட்டிட்டேன்."

"அத யாரு சேக்கச் சொன்னா? அது விலக்கி வெச்சது."

"தெரியும்க்கா. சும்மா பாக்கலாம்னு லிமிட்ட எடுத்துட்டுப் போட்டேன். திட்டாதீங்க. நாப்பத்தோரு பாஸும் உக்காந்துடுச்சு. முன்னாடி நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் தள்ளி நின்னுச்சே, இப்ப நாலுதான். அந்த ஸ்டேஷன் மேல தப்பே இல்லக்கா. நம்ம போட்ட பாததான் தப்பு."

விரல்களுக்கு இடையே பிடித்திருந்த மடிப்பு நழுவித் தரையில் விழுந்தது. அருணாதேவி குனிந்து எடுக்கவில்லை.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? யாருக்கா அங்க அப்சர்வரா இருந்தது? பாவம், அவருக்கு ஒரு போன் போட்டாவது சொல்லணும்."

"நான் சொல்லிடறேன்," என்றாள் அருணாதேவி. "நேர்லயே பாக்கத்தான் போறேன்."

வானத்தில் வழிகாட்டும் செயற்கைக்கோள் எங்கே நிற்கிறது என்று கணக்கிடுவதுதான் அவள் வேலை. உலகத்துக்கெல்லாம் இடம் சொல்கிற அது, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தான் எங்கே இருக்கிறோம் என்பதைத் தானாக அறியாது. கீழே இருந்து யாராவது சொல்ல வேண்டும். அது அனுப்பும் ரேடியோ அலைகளை வைத்து அருணாதேவி அதன் பாதையைப் போடுவாள். போட்ட பாதை சரிதானா என்று பார்க்க லேசர் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு தொலைநோக்கி வழியாகப் பச்சை ஒளியைச் சின்னஞ்சிறு துணுக்குகளாக அனுப்புவார்கள். கோளின் அடியில் பதித்திருக்கிற கண்ணாடிக் கட்டிகள், ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே அதைத் திருப்பிவிடும். போய்த் திரும்ப கால் நொடி ஆகும். அந்தக் கால் நொடியைப் பிசகாமல் அளந்தால் தூரம் கிடைத்துவிடும். அப்படி ஒரு தடவை கோளைத் தொடர்ந்து அளப்பதற்குத்தான் பாஸ் என்று பெயர். அவள் போட்ட பாதை சொல்கிற தூரத்துக்கும் லேசர் அளந்த தூரத்துக்கும் இடையே எவ்வளவு விலகலோ, அவ்வளவுக்குப் பாதை பொய்.

அல்லது லேசர் பொய். எது என்று தீர்மானிக்கிற இடத்தில் அவள் இருந்தாள். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் விலகுகிற அளவுகளைத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. அந்த எல்லையை வைத்ததும் அவள்தான். ஜவ்வாது மலையில், தொலைநோக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த அளவுகளை எடுத்தவன் அவள் கணவன் மாறன்.

கல்யாணமான நாலாவது வருடம் அது. அவன் மலையிலும் அவள் பெங்களூரிலுமாக, பதினைந்து நாளைக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, சூரியன் கோளின் சுற்றுத்தளத்தை ஒட்டி வருகிற வாரங்களில், அவன் எடுத்த தூரங்கள் எல்லைக்கு வெளியே போய் நின்றன. அந்த வாரங்களில் அந்தக் கோளை அளந்த நிலையம் வேறு எதுவும் இல்லை. தனியாக நிற்கிறவன் மேல்தான் சந்தேகம் வரும். அவள் போன் செய்து, தூணை அடித்துப் பார்த்தாயா என்று கேட்டாள். நிலையத்தின் எதிர்ப்பாறையில் ஒரு தூண், அதன் தலையில் ஒரு கண்ணாடி. அதன் தூரம் முன்பே அளந்து வைத்தது. வானத்தை அடிப்பதற்கு முன்னால் லேசரால் அதை அடித்துக் கருவியைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

"தூணு சரியா இருக்கு," என்றான் மாறன். "எனக்காக ஒண்ணு பண்ணு. அந்த லிமிட்ட எடுத்துட்டு, என் பாஸ மட்டும் போட்டு ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாரு. சூரியன் சாயற வாரத்துல மட்டும்தான் வருது. இது மெஷின் தப்பு இல்ல. வெயில் அத எங்கியோ தள்ளுது, உன் கணக்குல அது இல்ல."

"எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே லிமிட்தான். புருஷன் ஸ்டேஷனுக்கு மட்டும் எடுத்துட்டான்னு நாளைக்கு யாராவது சொன்னா?"

"யாரு சொல்லப் போறா? அரை மணி நேர வேல."

அந்த அரை மணி நேரத்தை அவள் கொடுக்கவில்லை. நேர்மை என்றுதான் அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தாள். வேறு யாராவது கேட்டிருந்தால் ஓட்டிப் பார்த்திருப்பாள் என்பது அவளுக்கு மெல்லத்தான் தெரிந்தது. கணவன் என்பதால் ஒரு படி கூடுதலாகவே கடுமையாக இருந்தாள். இருந்ததில் ஒரு பெருமிதமும் இருந்தது. அதற்கும் கீழே, கையை விட்டுத் துழாவினால் தட்டுப்படுகிற ஆழத்தில், ஒருவேளை அவன் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ற பயம் கிடந்தது.

நிலையத்தின் அளவில் நிலையான பிழை இருக்கிறது என்று அறிக்கை எழுதினாள். நிலையம் கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. மறு வருடம் லேசரை நிறுத்தினார்கள். மாறனை எங்கோ ஸ்டோர் ரூம் கணக்கு பார்க்கப் போட்டார்கள். அவன் வேலையை விட்டுவிட்டு அடி அண்ணாமலையில் அம்மா வீட்டுக்கு வந்து, ஒரு ஜி.பி.எஸ் கருவி வாங்கிக்கொண்டு மனைகள் அளக்கிற தொழிலில் இறங்கினான். அதற்குப் பிறகு அவர்களுக்குள் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதினைந்து நாள் ஒரு மாதமானது, மாதம் ஒரு தீபாவளியானது. மனுப் பேச்சை யார் முதலில் எடுத்தார்கள் என்பதே இப்போது இருவருக்கும் நினைவில்லை.

இன்று இரண்டாவது முறை ஆஜராகி, மனம் மாறவில்லை என்று சொன்னால் முடிந்துவிடும்.

பௌர்ணமி. பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் கோர்ட் இருக்கிற வேங்கிக்காலுக்குச் சுற்றி வளைத்துத்தான் போக முடியும் என்றார். "பத்தரைக்குள்ள போய்டலாமா?" என்று கேட்டாள். "கோர்ட்டுக்குதான? நீங்க பத்தரைக்குப் போனாலும் அவங்க ஒரு மணிக்குத்தான் கூப்புடுவாங்க" என்று அவர் கியரைப் போட்டார். வழியெல்லாம் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக ஜனங்கள் கிரிவலத்துக்கு மலையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அருணாதேவி மனத்துக்குள் ஒரு வாக்கியத்தைச் சரி செய்துகொண்டே வந்தாள். 'நீ சொன்னதுதான் சரி' என்று ஆரம்பிக்கலாமா, 'நான் தப்புப் பண்ணிட்டேன்' என்றா? தன் தப்பு வெளியானதில் ஒரு மனுஷிக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிறவளைப் போல அந்தச் செய்தியை அசங்காமல் வைத்துக்கொண்டு போனாள்.

கோர்ட் வளாகத்தில் வக்கீல் ரேவதி வெள்ளைக் காலரைத் தளர்த்தி விசிறிக்கொண்டு நின்றாள். "மத்தியானத்துக்கு மேலதான் மேடம் நம்மளது. ஜட்ஜம்மா ஒரு சொத்து கேஸ்ல மாட்டிக்கிட்டாங்க. அண்ணன் தம்பி ஏழு பேரு. முடியற கேஸா அது?"

புங்க மரத்தடியில் மாறன் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான். வெயிலில் கறுத்திருந்தான். ஷூவில் செம்மண். பின்னால் உட்கார்ந்திருந்த அவன் அம்மா உண்ணாமலை இறங்கும்போது மடியில் பிடித்திருந்த ஐந்தடுக்கு டிபன் கேரியரைப் பார்த்ததும் அருணாதேவிக்கு அடையாளம் தெரிந்தது. அது அவள் அம்மா சீராகக் கொடுத்தது. திருப்பித் தர வேண்டிய பொருட்கள் என்று மனுவோடு இணைத்த பட்டியலில் பதினேழாவதாக இருந்தது. மற்றவையெல்லாம் போன மாதமே வேனில் வந்துவிட்டன.

"ஏனத்த வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாது," என்றாள் உண்ணாமலை, யாரும் கேட்பதற்கு முன்பே. "அதான் சோறு வெச்சு எடுத்தாந்தேன். இன்னாத்துக்கு இப்பிடி எளச்சுக் கெடக்கற? சமைக்கறியா, இல்ல அந்தக் கம்ப்யூட்டரத்தான் தின்றியா?"

"சமைக்கறேன் அத்தை."

அத்தை என்று கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் வாய் கூப்பிட்டுவிட்டது. உண்ணாமலையும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மர நிழலில் சிமென்ட் பெஞ்சில் அடுக்குகளைக் கழற்றி வைத்தாள். ஆளுக்கு ஒரு அடுக்கில் சோறு. "அவனுக்குக் கத்திரிக்கா ஆவாது. உனக்கு மட்டும்தான் போட்டேன். சாப்புடு."

ரேவதி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏம்மா, ரெண்டு பேரும் இப்பிடி ஒண்ணா ஒக்காந்து சாப்புடறத ஜட்ஜம்மா பாத்தாங்கன்னா மனுவக் கிழிச்சுப் போட்டுடுவாங்க."

"கிழிக்கட்டுமே. பேப்பர்தான?" என்றாள் உண்ணாமலை.

மாறன் நிமிரவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். அருணாதேவி அவன் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் புதிதாக ஒரு தழும்பு இருந்தது. எப்போது பட்டது, எதில் பட்டது என்று தெரியாது. தெரியாமல் ஒரு தழும்பு ஆறி முடிகிற அளவுக்கு நாள் ஓடியிருக்கிறது.

"காலைல எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாள். அத்தை முன்னால் எப்போதும் 'நீங்க'தான். தனியாக இருந்தால் 'நீ'.

"சோமாசிபாடில ஒரு மனை. வாங்கறவன் ஒரு பக்கம் கல்லப் புடுங்கறான், விக்கறவன் மறுபக்கம் நடறான். மேல இருக்கறத நம்பித்தான் நான் ரெண்டு பேருக்கும் தீர்ப்பு சொல்லணும்." அவன் லேசாகச் சிரித்தான். "உன் பாதையத்தான் நம்பறேன்."

குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் சுருக்கென்றது.

உண்ணாமலை காலியான அடுக்குகளைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். பாதி வழி போய்த் திரும்பிப் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே குழாயடியையும் தாண்டி, தூரத்து டீக்கடைப் பக்கம் நடந்தாள்.

"மாறா."

அவன் நிமிர்ந்தான். அந்தப் பெயரை அப்படி அவள் கூப்பிட்டு இரண்டு வருடம் இருக்கும்.

"ஜவ்வாது பாஸெல்லாம் புது மாடல்ல ஓட்டியாச்சு. நாப்பத்தோரு பாஸ். நாலு சென்டிமீட்டர்ல வந்து உக்காந்துடுச்சு. உன் தூரம் சரி. என் பாததான் தப்பு."

வழியெல்லாம் அடுக்கி வைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. இதுதான் வந்தது.

மாறன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு, "எந்த மாடல்?" என்றான்.

"முன்னாடி சோலார் றெக்கை மேல படற வெயில மட்டும்தான் ஒழுங்கா வெச்சிருந்தோம். இப்ப நடுவுல இருக்கற பெட்டியையும் பக்கம் பக்கமா எடுத்துப் போட்டிருக்கு."

"பக்கவாட்டு வெயில்." அவன் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் ஒரு வட்டம் போட்டான். அதன் மேல் ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் றெக்கை, எதிரே சூரியன். "சாதாரணமா அது முகத்தத் திருப்பித் திருப்பி வெயிலுக்குக் காட்டிக்கினு இருக்கும். இந்த வாரத்துல திரும்பாது. அப்ப வெயில் இந்தப் பக்கம் விழும். இங்கதான் தள்ளு. நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல? சிதறல் எவ்ளோ?"

"ரெண்டு."

"ரெண்டா?" அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அந்தக் கெழட்டு லேசருக்கு ரெண்டுன்னா கம்மிதான். ஸ்டேஷன்ல என்கூட இருந்த தருமன் அண்ணன்கிட்ட சொல்லணும். தெனம் அந்தக் கண்ணாடியத் தொடைக்கறதுக்கு என்னைத் திட்டிக்கினே தொடைப்பாரு."

அவன் முகம் அவள் முதன்முதலில் பார்த்த முகமாக ஆகிவிட்டிருந்தது. பயிற்சி வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸ் தூள் படிந்த சட்டையோடு நின்று, ஒளி எப்படி வந்த வழியே திரும்பும் என்று படம் போட்டுக் காட்டிய முகம். குச்சியும் கையுமாக அவன் பேசப் பேச அவள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்னும் பத்து நிமிடம் இப்படியே போனால் போதும், எல்லாம் திரும்பிவிடும் என்று தோன்றியது.

"இன்னிக்கு வேணாம்," என்றாள் சட்டென்று. "வேணாம்னு சொல்லிடலாம் மாறா. ரெண்டு பேர்ல ஒருத்தர் வேணாம்னாலே போதும்னு ரேவதி சொன்னா."

குச்சி நின்றது.

"நீ எப்ப ஓட்டுன?" என்று கேட்டான். குரலில் விசாரணை எதுவும் இல்லை. கிட்டத்தட்ட ஆசையோடு கேட்டான்.

நேற்று ராத்திரி என்று ஒரு வார்த்தை போதும். அவனுக்கு ஒருநாளும் தெரிய வராது. கவிநிலாவிடம் கேட்டால்கூட அவள் இவளை விட்டுக்கொடுக்க மாட்டாள். நாக்கின் நுனி வரை வந்த அந்த வார்த்தையை அருணாதேவி பார்த்தாள். அவன் கண்களையும் பார்த்தாள். இத்தனை வருடமாக அவனிடமிருந்து வந்ததில் தனக்குப் பொருந்துவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளியிருக்கிறாள். இப்போது பொய்யையும் சேர்த்துக் கொடுக்க முடியவில்லை.

"நான் ஓட்டல," என்றாள். "புதுசா சேந்த பொண்ணு ஒருத்தி. கவிநிலான்னு. சும்மா பாக்கலாம்னு லிமிட்ட எடுத்துட்டு ஓட்டியிருக்கா. காலைல போன்லதான் சொன்னா."

"சும்மா பாக்கலாம்னு."

"ஆமா."

அவன் தலையாட்டினான். மண்ணில் போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும் அருணா. அந்தத் தூண அத்தன தடவ அடிச்சுப் பாத்தவன் நான். என்னிக்காவது ஒருத்தர் ஓட்டிப் பாப்பாங்கன்னும் தெரியும். அது நீயா இருக்கணும்னு இருந்துச்சு. அவ்ளோதான்."

"லேப்டாப் லாட்ஜுலதான் இருக்கு. இப்பவே போய் ஓட்டறேன். அரை மணி நேரம்."

"இப்ப ஓட்டுனா நாலுதான் வரும்னு உனக்குத் தெரியுமே," என்றான் மாறன்.

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் வாதாடியிருக்க முடியும். ஒரு குழந்தைக்குக் கணக்கில் எங்கே தவறு என்று காட்டுகிறவனைப் போல அவ்வளவு மெதுவாகச் சொன்னான். என்ன வரும் என்று தெரியாத நாளில் அவனை நம்பி ஓட்டியிருக்க வேண்டும். அந்த நாள் போய்விட்டது. அதை எந்தக் கணக்கு கொண்டும் மறுபடி ஓட்ட முடியாது.

உண்ணாமலை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகி, பக்கக் கம்பியை இறுக்கினாள்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தச் சொத்து வழக்கின் களைப்பு அவர் முகத்தில் இன்னும் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் கொடுத்த சம்மதத்தில் ஏதாவது மாற்றம் உண்டா என்று முதலில் மாறனைக் கேட்டார்.

"இல்லீங்கம்மா."

தயங்கவில்லை, அவசரப்படவும் இல்லை. தெளிவாகத்தான் சொன்னான். பிறகு நீதிபதி இவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு ஏதாவது மாற்றம் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. சொன்னால் மனு நின்றுவிடும். அவன் இன்னும் சில வருடம் சட்டப்படி அவள் கணவனாக இருப்பான். அவன் சொன்னது ஏதோ கோபத்தில், ஏதோ வெயிலில், ஏதோ ஒரு பிழையில் வந்தது என்று அதையும் ஒதுக்கி வைத்துவிடலாம். அவளுக்கு அது பழக்கமான வேலைதான். ரேவதி முழங்கையால் லேசாகத் தொட்டாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிறீச்சிட்டது.

"இல்லைங்க," என்றாள் அருணாதேவி.

வெளியே வந்ததும் உண்ணாமலை கேரியரை அவள் கையில் கொடுத்தாள். கனமாகவே இருந்தது. "கீழ் அடுக்குல தயிர்சோறு இருக்கு. ஊறுகா தனியா வெச்சிருக்கேன். பஸ்ஸுல சாப்புடு. வெளிய கண்டதையும் வாங்கித் தின்னாத." சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நின்றாள். "நானே ரெண்டு நாள் லேட்டாக்கிக் குடுத்திருப்பேன். அவன்தான் இன்னிக்கே குடுத்துடும்மான்னான்."

மாறன் பைக்கைக் கிளப்பினான். கிளம்புவதற்கு முன், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு," என்றான். "நல்லா பண்ணியிருக்கா."

பெங்களூர் பஸ் செங்கம் ரோட்டில் தற்காலிக நிறுத்தத்திலிருந்து கிளம்பியபோது ஐந்து மணி. எதிரே வருகிற பஸ்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. ஊரை விட்டுப் போகிற இந்தப் பஸ்ஸில் ஏழு பேர்தான். அருணாதேவி மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டாள். கேரியர் காலடியில், குலுங்காமல் இருக்க இரண்டு பாதங்களுக்கு நடுவே. அந்த ஒரு வரியைத் தேடி எடுத்தாள். முப்பது. அதை அழித்தாள். ஜவ்வாது மலையின் நாற்பத்தோரு பாஸையும் சேர்த்து ஓட்டவிட்டாள்.

செங்கம் வருவதற்குள் முடிந்துவிட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு சென்டிமீட்டர்.

அந்த அளவுகளோடு வந்த பதிவுகளை அவள் முன்பு திறந்ததே இல்லை. தள்ளப்பட்டதை யாரும் திறப்பதில்லை. ஒவ்வொரு பாஸின் கடைசியிலும் அளந்தவன் குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. மேகம் வந்தது, காற்று அடித்தது, கருவி நின்றது என்று மற்ற நிலையத்துக்காரர்கள் எழுதுவார்கள். மாறன் எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்தாள். வானம் தெளிவு. வானம் தெளிவு. நாற்பது முறை அதேதான். கடைசி பாஸில் மட்டும் இன்னும் கொஞ்சம் இருந்தது. வானம் தெளிவு. தூணை மூன்று முறை சரிபார்த்தேன்.

தேதியைப் பார்த்தாள். அவள் அறிக்கை அனுப்பியதற்கு நாலு நாள் கழித்து. தள்ளிவிடுவார்கள் என்று தெரிந்தே அளந்திருக்கிறான்.

பஸ் மேட்டில் ஏறியது. கண்டக்டர் வந்து டிக்கெட்டைக் கேட்டார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, அப்புறம் காட்டுங்க" என்று அடுத்த சீட்டுக்குப் போனார்.

முடிவுகளைச் சேமிக்கும்போது, கணக்கை ஓட்டியவர் என்ற இடத்தில் மென்பொருள் வழக்கம் போலத் தானாக அவள் பெயரைப் போட்டிருந்தது. அருணாதேவி அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக அழித்தாள். கவிநிலா என்று எழுதினாள்.